கேம் பெட்டி செய்யப் போகிறீர்களா? பணத்தைக் கைப்பிடியில் போடுங்கள்!

வீட்டில் ஒரு ஆர்கேட் கேம் பெட்டி வைக்க வேண்டும் என்ற ஆசை பலருக்கு இருக்கிறது. ஆர்கேட் பெட்டி என்றால் புரியவில்லையா? 1990-களில் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலும் கடைவீதிகளிலும் இருந்த வீடியோ கேம் கடைகளை நினைத்துப் பாருங்கள். ஆள் உயர மரப்பெட்டி. உள்ளே டிவி போன்ற ஒரு திரை. அதன் கீழே ஒரு கைப்பிடி, பக்கத்தில் சில வண்ண பட்டன்கள். காசு கொடுத்தால் ஒரு ஆட்டம். அந்தப் பெட்டியைப் போலவே மரத்தில் ஒன்று செய்து, அதனுள்ளே ஒரு கம்ப்யூட்டரை வைத்து, அந்தக் காலத்து கேம்களை ஓட வைக்கலாம். இது இன்று யாரும் செய்து பார்க்கக்கூடிய வேலைதான்.

இதில் இறங்குபவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "உள்ளே வைக்க எந்தக் கம்ப்யூட்டர் வாங்கலாம்?" என்பதுதான். கிடைக்கும் பதில்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். வேகமான பிராசசர், நிறைய ராம், தனி கிராபிக்ஸ் கார்டு என்று பட்டியல் நீளும். கேம் என்ற சொல்லைக் கேட்டவுடன் கிராபிக்ஸ் கார்டு நினைவுக்கு வருவது இயல்புதான். ஆனால் ஆர்கேட் பெட்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. இதில் கம்ப்யூட்டருக்குக் குறைவாகவும், கைப்பிடி, பட்டன், திரை இவற்றுக்குக் கூடுதலாகவும் செலவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்று பார்க்கலாம்.

ஒரு கொட்டேஷன்

சிங்காநல்லூரில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். நூற்பாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சென்ற மாதம் கையில் ஒரு கொட்டேஷனுடன் வந்தார்.

"ஏனுங்க தம்பி, பையனும் பேரனும் சேந்து கேம் பொட்டி ஒண்ணு செய்யோணும்னு நிக்கறாங்க. கடையில கேட்டதுக்கு இப்படி எழுதிக் குடுத்திருக்காங்க. நெசமாலுமே இவ்வளவு ஆகுங்களா?"

வாங்கிப் பார்த்தேன். மொத்தம் 82,000 ரூபாய். அதில் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் மட்டும் 50,000 ரூபாயைத் தாண்டின. 32 ஜி.பி. ராம், 1 டி.பி. எஸ்.எஸ்.டி. என்று வரிசையாக இருந்தன. கடைசி வரியில் "ஜாய்ஸ்டிக் செட்" என்று போட்டு 1,800 ரூபாய் எழுதியிருந்தார்கள். திரைக்கு ஒன்றும் இல்லை. வீட்டில் இருக்கும் டிவியை மாட்டிக்கொள்ளச் சொன்னார்களாம்.

"ஐயா, மாவாட்டற கிரைண்டருக்கு யாராவது 10 எச்.பி. மோட்டார் மாட்டுவாங்களா?" என்று கேட்டேன்.

"மாட்டுனா கல்லு நிக்குங்களா? பறந்து போயிருமுங்க!" என்று சிரித்தார்.

மோட்டாரும் கிரைண்டரும் செய்யும் ஊர்க்காரருக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. அவர் எழுதிக் கொடுத்தது புதிய கேம்கள் விளையாடுவதற்கான நல்ல கம்ப்யூட்டர்தான். ஆனால் கேட்டது வேறு. பழைய ஆர்கேட் கேம்களுக்குத் தேவைப்படும் சக்தி எவ்வளவு என்பது தெரிந்தால், இந்தக் கொட்டேஷன் எப்படித் தலைகீழாக இருக்கிறது என்பது விளங்கும்.

எமுலேட்டர் என்ன செய்கிறது?

பழைய ஆர்கேட் பெட்டிக்குள் விண்டோஸோ ஹார்ட் டிஸ்க்கோ கிடையாது. கேமுக்கென்றே செய்யப்பட்ட சர்க்யூட் போர்டு இருக்கும். அதில் ஒன்றிரண்டு பிராசசர்கள், ஒலிக்கு ஒரு சிப், படத்துக்குச் சில சிப்கள். கேம் புரோகிராம் ரோம் சிப்களில் பதிக்கப்பட்டிருக்கும். இந்தப் போர்டு முழுவதையும் நம் கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாலேயே நடித்துக் காட்டும் புரோகிராமுக்குத்தான் எமுலேட்டர் என்று பெயர். கேம் புரோகிராமுக்குத் தான் பழைய போர்டில் ஓடவில்லை, உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடுகிறது என்பதே தெரியாது!

இந்த வகையில் புகழ் பெற்றது 'மேம்'. மல்டிபிள் ஆர்கேட் மெஷின் எமுலேட்டர் என்பதன் சுருக்கம். இத்தாலியைச் சேர்ந்த நிகோலா சல்மோரியா 1997 பிப்ரவரியில் முதல் பதிப்பை வெளியிட்டார். அதன் பின் உலகம் முழுவதும் உள்ள பலர் சேர்ந்து வளர்த்து வருகிறார்கள். 2016-ல் முழுமையான ஓப்பன் சோர்ஸ் மென்பொருளாக மாறியது. இலவசமாகவே கிடைக்கிறது.

இனி வேகத்துக்கு வருவோம். 1978-ல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் போர்டில் இருந்தது 2 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள இன்டெல் 8080 பிராசசர். 1980-ல் வந்த பேக்-மேனில் ஏறக்குறைய 3 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் இசட்80. 1991-ல் வந்து உலகையே கலக்கிய ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ல் 10 மெகாஹெர்ட்ஸ் மோட்டோரோலா 68000. நம் ஊரில் எல்லோரும் 'முஸ்தபா கேம்' என்று சொல்வார்களே, அதன் உண்மையான பெயர் கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ். 1993-ல் வந்தது. அதுவும் அதே கேப்காம் நிறுவனத்தின், அதே குடும்பத்தைச் சேர்ந்த போர்டுதான். என் வயதுக்காரர்கள் பலர் இதை மரப்பெட்டியில் பார்த்ததில்லை. பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் எமுலேட்டர் வழியாகத்தான் விளையாடியிருக்கிறோம்.

இன்று ஒரு சாதாரண ஆபீஸ் கம்ப்யூட்டரின் வேகம் 3 கிகாஹெர்ட்ஸ், அதாவது 3,000 மெகாஹெர்ட்ஸ். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 போர்டைப் போல 300 மடங்கு. ஆனால் இதை வைத்து எந்தக் கம்ப்யூட்டரும் போதும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பழைய சிப்பின் ஒரு கட்டளையை நடித்துக் காட்ட, நம் பிராசசர் பல கட்டளைகளைச் செயல்படுத்த வேண்டியிருக்கும். ஒலி சிப்பையும் பட சிப்பையும் அதே நேரத்தில் அடி பிசகாமல் உடன் ஓட்ட வேண்டும். மேலும், 'மேம்' உருவாக்குபவர்கள் வேகத்தைவிடத் துல்லியத்துக்கே முதலிடம் கொடுக்கிறார்கள். எனவே கொஞ்சம் சக்தி வேண்டும். ஆனால் எப்படிப்பட்ட சக்தி?

இங்கே இரண்டு செய்திகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, ஒரு போர்டில் உள்ள சிப்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று காத்திருந்து ஓடுபவை. அவற்றைப் பிரித்துப் பல கோர்களுக்குக் கொடுப்பது கடினம். எனவே பிராசசரில் 16 கோர் இருக்கிறது என்பதைவிட, ஒரு கோர் எவ்வளவு வேகமானது என்பதே முக்கியம். இரண்டாவது, பழைய கேமின் படத்தைப் பெரும்பாலும் பிராசசரே கணக்கிட்டு வரைந்துவிடுகிறது. அதைத் திரை அளவுக்குப் பெரிதாக்குவதும், பழைய டிவி போலக் கோடுகள் தெரியும்படி செய்வதும்தான் கிராபிக்ஸ் பகுதியின் வேலை. இதற்கு மதர்போர்டிலோ பிராசசரிலோ சேர்ந்தே வரும் கிராபிக்ஸ் போதும். தனி கார்டு வாங்கிப் போட்டால் அது பெட்டிக்குள் பெரும்பாலும் தூங்கிக்கொண்டுதான் இருக்கும்.

ஆபீஸ் வேண்டாம் என்ற கம்ப்யூட்டர், நமக்கு வேண்டும்

அப்படியானால் எதை வாங்கலாம்? அலுவலகங்கள் கழித்துவிடும் பழைய கம்ப்யூட்டரை வாங்குங்கள் என்பேன். இதற்கு இப்போது ஒரு நல்ல வாய்ப்பும் இருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கோ, இன்டெல் பிராசசர் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையாவது இருக்க வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். எனவே 4-ஆம் தலைமுறை முதல் 7-ஆம் தலைமுறை வரையுள்ள, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர்கள்கூட அலுவலகங்களுக்கு வேண்டாதவை ஆகிவிட்டன. பாதி பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும். அவை ஒவ்வொன்றும் முஸ்தபாவையும் ஸ்ட்ரீட் ஃபைட்டரையும் முழு வேகத்தில் ஓட்டக்கூடியவை. இன்னொரு காரணமும் உண்டு. 2025 இறுதியில் புதிய ராம் விலை மடமடவென்று ஏறியது. ஏற்கெனவே 8 ஜி.பி. போட்டிருக்கும் பழைய கம்ப்யூட்டரை வாங்கினால் அந்தக் கவலை நமக்கு இல்லை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை இவை. 64 பிட் பிராசசராக, 3 கிகாஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல் வேகமுள்ளதாக இருக்கட்டும். 4-ஆம் தலைமுறை கோர் ஐ5 கிடைத்தால் மிக நல்லது. 4 ஜி.பி. ராம் போதும், 8 ஜி.பி. தாராளம். பழைய ஹார்ட் டிஸ்க்கை நம்ப வேண்டாம். அதைக் கழற்றிவிட்டுப் புதிதாகச் சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்று போடுங்கள். பெட்டியைத் தட்டுவார்கள், உலுக்குவார்கள். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகம் இல்லாததால் அது தாங்கும். மதர்போர்டில் உள்ள வட்டமான சிறு பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். பிராசசர் விசிறியில் படிந்துள்ள பஞ்சையும் தூசியையும் ஊதித் துடைத்து எடுங்கள். பயாஸ் செட்டிங்கில், மின்சாரம் வந்தவுடன் கம்ப்யூட்டர் தானாக ஆன் ஆகும்படி செய்யும் வசதி பல மாடல்களில் உண்டு. அது இருந்தால், ஸ்விட்சைப் போட்டவுடன் கேம் வந்து நிற்கும்.

எந்த ஆபரேட்டிங் சிஸ்டம்? பாதுகாப்பு அப்டேட் கிடைக்காத விண்டோஸை இன்டர்நெட்டில் இணைத்துப் பயன்படுத்துவது நல்லதல்ல. கேம் பெட்டிக்கென்றே 'பேட்டோசெரா' போன்ற இலவச லினக்ஸ் தொகுப்புகள் இருக்கின்றன. இதைப் பென் டிரைவில் எழுதி, அதிலிருந்தே கம்ப்யூட்டரை இயக்கிப் பார்க்கலாம். பிடித்தால் எஸ்.எஸ்.டி.யில் பதியலாம். பிடிக்காவிட்டால் பென் டிரைவைப் பிடுங்கிவிட்டால் போதும், கம்ப்யூட்டர் பழையபடியே இருக்கும்.

ராஸ்பெரி பை என்ற கையளவு கம்ப்யூட்டரைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். 2019-ல் வந்த ராஸ்பெரி பை 4, 2023-ல் வந்த ராஸ்பெரி பை 5 இரண்டுமே பழைய 2டி கேம்களை ஓட்டும். மின்சாரமும் மிகக் குறைவு. ஆனால் போர்டின் விலையோடு பவர் அடாப்டர், மெமரி கார்டு, விசிறி, கேபிள் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகைக்கு, அதைவிடச் சக்தியுள்ள பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரைத் தேடிப் பிடித்துவிடலாம். மேசை மேல் வைக்கும் சின்னப் பெட்டி என்றால் பை சரி. ஆள் உயரப் பெட்டிக்குள் இடத்துக்குப் பஞ்சமே இல்லையே!

கைப்பிடியும் பட்டனும்

இப்போது அந்த 1,800 ரூபாய் வரிக்கு வருவோம். பெட்டி முன்னால் நிற்பவரின் கைக்குப் பிராசசர் தெரியாது. கைக்குத் தெரிவது கைப்பிடியும் பட்டனும்தான். கைப்பிடியை வலப்பக்கம் தள்ளினால் 'டிக்' என்று மைக்ரோ ஸ்விட்ச் விழ வேண்டும். விட்டவுடன் நடுவுக்கு வந்து நிற்க வேண்டும். பட்டனை அரைகுறையாக அழுத்தினாலும் பதிய வேண்டும். மட்டமான கைப்பிடி சில வாரங்களில் ஆட ஆரம்பிக்கும். உள்ளே இருப்பது எவ்வளவு வேகமான கம்ப்யூட்டராக இருந்தாலும், "இது சரியில்லை" என்று பிள்ளைகள் பெட்டியை விட்டுப் போய்விடுவார்கள். பிறகு அது துணி காயப்போடத்தான் உதவும்.

ஜப்பானின் சான்வா, செய்மிட்சு ஆகியவை இதில் நல்ல பெயர் எடுத்த நிறுவனங்கள். முழுவதும் அவற்றையே வாங்க முடியாவிட்டாலும், கைப்பிடி மட்டுமாவது தரமானதாக இருக்கட்டும். பட்டன்களைப் பிறகு ஒவ்வொன்றாக மாற்றலாம். விளையாடும் பட்டன்களுக்கு 30 மி.மீ. துளை, ஸ்டார்ட் போன்ற சிறு பட்டன்களுக்கு 24 மி.மீ. துளை என்பது பரவலாக உள்ள அளவு. ஆனால் பட்டன் கையில் வந்த பிறகு அளந்து பார்த்துத் துளை போடுவதே நல்லது.

எத்தனை பட்டன்? முஸ்தபாவுக்கு 2 பட்டன்கள் போதும். நியோ ஜியோ கேம்களுக்கு 4 வரை. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-க்கு 6, அதாவது குத்துக்கு 3, உதைக்கு 3. எனவே ஒரு ஆளுக்கு 6 பட்டன் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான கேம்களுக்குச் சரியாக இருக்கும். கைப்பிடியில் 4 திசை, 8 திசை என்று இரண்டு விதம் உண்டு. பேக்-மேனுக்கு 4 திசைதான் சரி. 8 திசைக் கைப்பிடியில் மூலைவாட்டில் தள்ளிவிட்டால் திருப்பத்தைத் தவறவிடுவீர்கள். சில கைப்பிடிகளில் அடியில் உள்ள தகட்டைத் திருப்பிப் போட்டு 4-க்கும் 8-க்கும் மாற்றலாம். வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள்.

பட்டன்களைக் கம்ப்யூட்டருடன் இணைக்க என்கோடர் என்ற சிறு போர்டு தேவை. ஒரு பக்கம் பட்டன் ஒயர்கள், மறு பக்கம் யு.எஸ்.பி. "பழைய கீபோர்டைப் பிரித்து ஒயர் இழுத்துவிடலாம், செலவே இல்லை" என்று சிலர் யோசனை சொல்வார்கள். வேண்டாம். சாதாரண கீபோர்டில் சில கீகளை ஒரே நேரத்தில் அழுத்தினால் ஒன்று பதியாமல் போகும். டைப் செய்யும்போது இது தெரியாது. இரண்டு பேர் சேர்ந்து அடிக்கும்போது, சரியாகச் சண்டையின் உச்சத்தில், ஒருவருடைய உதை விழாது. அப்புறம் வீட்டுக்குள் நிஜச் சண்டைதான்! என்கோடர் போர்டில் ஒவ்வொரு பட்டனுக்கும் தனி ஒயர் போவதால் இந்தப் பிரச்சினை இல்லை.

இன்னொரு சிறு குறிப்பு. என்கோடர் இல்லாமல் கீபோர்டிலேயே 'மேம்' பழகுபவர்கள், 5 என்ற கீயை அழுத்தினால் காசு போட்டதாகவும், 1 அழுத்தினால் ஆட்டம் தொடங்குவதாகவும் இருக்கும் என்பதை அறிந்துகொள்ளுங்கள். இடது ஷிஃப்ட் கீயும் அதில் ஒரு கேம் பட்டன். விண்டோஸில் ஷிஃப்ட்டைத் தொடர்ந்து 5 முறை அழுத்தினால் 'ஸ்டிக்கி கீஸ்' என்ற பெட்டி வந்து ஆட்டத்தைக் கெடுக்கும். செட்டிங்ஸில் அதை முன்கூட்டியே ஆஃப் செய்துவிடுங்கள்.

திரை: அகலம் வேண்டாம்

அடுத்து, வீட்டு டிவியை மாட்டும் யோசனை. பழைய கேம்கள் 4:3 என்ற விகிதத்தில் அமைந்த திரைக்காகச் செய்யப்பட்டவை. இன்றைய 16:9 அகலத் திரையில் சரியான விகிதத்தில் காட்டினால், அகலத்தில் கால் பங்கு இரு பக்கமும் கறுப்பாக வீணாகும். இழுத்து நிரப்பினால் முஸ்தபா குண்டாகத் தெரிவார். 1280 x 1024 அளவுள்ள பழைய 19 அங்குல எல்.சி.டி. மானிட்டர்களை நினைவிருக்கிறதா? ஏறக்குறைய சதுரமாக இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால், 22 அங்குல அகலத் திரையில் வரும் 4:3 படத்தைவிட, அந்த 19 அங்குல மானிட்டரில் வரும் படம் சற்றுப் பெரியது! இவையும் பழைய ஆபீஸ் பொருட்களோடு மலிவாகக் கிடைக்கின்றன.

ஒரே ஒரு எச்சரிக்கை. இந்த மானிட்டர்களில் பல டி.என். வகைத் திரைகள். நேராகப் பார்த்தால் நன்றாக இருக்கும், கீழிருந்து பார்த்தால் இருண்டு நிறம் மாறிவிடும். பெட்டியில் திரை சாய்ந்து மேல் நோக்கி இருக்கும். பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும் படம், 8 வயதுப் பையனுக்குக் கறுத்துத் தெரியும். எனவே கடையில் ஆன் செய்து, உட்கார்ந்து, கீழிருந்து பார்த்து வாங்குங்கள். ஐ.பி.எஸ். வகையாக இருந்தால் இந்தக் கவலை இல்லை.

டிவியே வேண்டும் என்பவர்கள் அதில் 'கேம் மோட்' இருக்கிறதா என்று பாருங்கள். டிவி படத்தை மெருகேற்றுவதற்காகச் சிறிது நேரம் எடுத்துக்கொள்ளும். இந்தக் கேம்கள் நொடிக்கு ஏறக்குறைய 60 படங்கள் காட்டுபவை. அதாவது ஒரு படத்துக்கு 17 மில்லி செகண்டுக்கும் குறைவு. டிவி நாலைந்து படம் பின்தங்கினாலே, பட்டனை அழுத்திய பிறகு குத்து தாமதமாக விழுவது கைக்குத் தெரிந்துவிடும். பழைய பிக்சர் டியூப் டிவியில் படம் அருமையாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதன் உள்ளே ஆஃப் செய்த பிறகும் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம். அனுபவம் இல்லாதவர்கள் அதைத் திறக்கவே கூடாது.

மரமும் மின்சாரமும்

பெட்டிக்கு 18 மி.மீ. பிளைவுட் போதுமான உறுதி தரும். பார்ட்டிகிள் போர்டு மலிவு. ஆனால் ஸ்குரூவைக் கழற்றி மாட்டினால் துளை பெரிதாகும், தரை துடைக்கும் தண்ணீர் பட்டால் உப்பும். கைப்பிடி மாட்டும் பலகையைத் தனியாகக் கழற்றும்படி செய்யச் சொல்லுங்கள். அதன் அடியில் கெட்டியான இரும்புத் தகடு கொடுத்தால் வருடக் கணக்கில் ஆடாது. லேத் பட்டறையும் தகடு வெட்டும் கடையும் நிறைந்த கோவையில் இதற்கு ஆள் தேட வேண்டியதே இல்லை. பம்பு செய்யும் ஊருக்கு இது சின்ன வேலை.

கம்ப்யூட்டரை அதன் கேபினெட்டோடு அப்படியே உள்ளே வையுங்கள். மதர்போர்டை வெளியே எடுத்துப் பலகையில் அடிக்க வேண்டாம். கீழே காற்று நுழைய ஒரு வழி, பின்புறம் மேலே சூடு வெளியேற ஒரு வழி, இரண்டிலும் எலி புகாமல் வலை. மின் இணைப்பு 3 பின் பிளக்கில், எர்த்திங் உள்ள பாயிண்டிலிருந்து வரட்டும். இரும்புத் தகட்டைப் பிள்ளைகள் தொடுவார்கள் என்பதால் அதற்கும் எர்த் கொடுக்க எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள். திடீர் மின்தடைக்குச் சிறிய யு.பி.எஸ். போதும். மின் கட்டணத்துக்குப் பயப்பட வேண்டாம். கம்ப்யூட்டர், திரை, ஸ்பீக்கர் எல்லாம் சேர்ந்து 90 வாட்ஸ் என்றாலும், தினமும் ஒரு மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு 5 அல்லது 6 யூனிட்தான்.

கேம்கள் எங்கே கிடைக்கும்?

'மேம்' இலவசம். ஆனால் அதில் ஓடும் கேம்கள் இலவசம் அல்ல. பெரும்பாலானவற்றின் உரிமை இன்றும் அந்தந்த நிறுவனங்களிடமே இருக்கிறது. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கம்ப்யூட்டர் புரோகிராமுக்கும் பொருந்தும். "10,000 கேம்கள் நிரப்பிய ஹார்ட் டிஸ்க்" என்று விற்பவர்களிடம் அந்த உரிமை இருப்பதில்லை. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அதோடு என்ன வைரஸ் வருகிறது என்பதும் தெரியாது. 10,000 கேம் இருக்கும் பெட்டியில் எதையும் யாரும் முழுதாக விளையாடுவதும் இல்லை.

நேர்வழிகள் இருக்கின்றன. 'மேம்' இணைய தளத்திலேயே கிரிட்லீ, ராபி ரோட்டோ, பாலி-பிளே போன்ற சில கேம்கள் உரிமையாளர்களின் அனுமதியோடு, வியாபாரம் அல்லாத பயன்பாட்டுக்கு இலவசமாகத் தரப்படுகின்றன. பெட்டியைச் சோதிக்க இவை போதும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வேண்டும் என்றால், 2021-ல் வந்த கேப்காம் ஆர்கேட் ஸ்டேடியம் போன்ற தொகுப்புகளை ஸ்டீம் கடையில் காசு கொடுத்து வாங்கலாம். ஆனால் இவை விண்டோஸுக்கானவை. 'மேம்' அளவுக்குச் சிக்கனமானவை என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் குறைந்தபட்சத் தேவை என்ன என்று போட்டிருப்பார்கள். அதைப் படித்துவிட்டு வாங்குங்கள். நீங்கள் புதிதாக வாங்கி மேசையில் வைத்திருக்கும் கம்ப்யூட்டருக்கு அது பெரும்பாலும் சுமையாக இருக்காது.

"பிற்காலத்துக்கு உதவுமே?"

என் கருத்துக்கு வரக்கூடிய எதிர்வாதம் ஒன்று உண்டு. "சக்தியுள்ள கம்ப்யூட்டராக வாங்கினால் பிற்காலத்தில் பெரிய கேம்களுக்கும் உதவுமே?" என்பார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. 1990-களின் பிற்பகுதியில் வந்த 3டி ஆர்கேட் கேம்களில் சில, நல்ல பிராசசரையே மூச்சு வாங்க வைக்கும். பிளேஸ்டேஷன் 2, 3 போன்றவற்றை நடித்துக் காட்டவும் கூடுதல் சக்தி தேவை. உங்கள் விருப்பம் அவைதான் என்றால், தாராளமாகச் சக்தியுள்ள கம்ப்யூட்டர் வாங்குங்கள். ஆனால் அதை மேசையில் வையுங்கள். பிள்ளைகளின் படிப்புக்கும் வீட்டுக் கணக்குக்கும் சேர்த்துப் பயன்படும். 80,000 ரூபாய்ப் பொருளை மரப்பெட்டிக்குள் பூட்டி, 10 மெகாஹெர்ட்ஸ் கேம் ஓட்டுவதில் என்ன லாபம்? கம்ப்யூட்டர் பழசாகிக்கொண்டே போகும். ஐந்து வருடம் கழித்து இன்னும் வேகமான ஒன்று ஆபீஸ்களிலிருந்து கழிந்து வரும், அதை உள்ளே மாற்றிக்கொள்ளலாம். நல்ல கைப்பிடி அப்போதும் அதே இடத்தில் இருக்கும்.

எதை முதலில் வாங்குவது?

அதனால் வாங்கும் வரிசையையே மாற்றச் சொல்கிறேன். முதலில் எதையும் வாங்காமல், இப்போது வீட்டில் உள்ள கம்ப்யூட்டரில் 'மேம்' பதிந்து, அனுமதியுள்ள கேம்களை கீபோர்டில் விளையாடிப் பாருங்கள். இரண்டாவதாக, கைப்பிடி, பட்டன், என்கோடர் மூன்றையும் வாங்கி, ஒரு பலகையில் மாட்டுங்கள். இரண்டு மாதம் அதை வீட்டுக் கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி.யில் செருகி விளையாடுங்கள். பிள்ளைகளுக்கு அலுத்துப் போனால் உங்கள் நஷ்டம் அந்தப் பலகையோடு முடிந்தது. அலுக்கவில்லை என்றால் மூன்றாவதாகத் திரை, நான்காவதாகப் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர், கடைசியாகத் தச்சர்.

மொத்தச் செலவை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கைப்பிடி, பட்டனுக்கு 30, மரத்துக்கும் கூலிக்கும் 30, கம்ப்யூட்டருக்கு 25, திரைக்கு 15 என்பது என் கணக்கு. உங்கள் ஊர் விலைக்கு ஏற்ப இது கொஞ்சம் மாறலாம். கம்ப்யூட்டர் பங்கு மட்டும் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டியிருந்தால் கொட்டேஷனை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இன்னொரு கடையில் விசாரியுங்கள்.